கம்ப்யூட்டர் ஹெட்போனுக்குத் தனி ஆம்ப், டாக் வேண்டுமா? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கொஞ்சம் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிவிட்டால் போதும், அடுத்த வாரமே யாராவது கேட்பார்கள்: "ஆம்ப் வாங்கிட்டீங்களா? அது இல்லாம இந்த ஹெட்போன் பாதிதானே பாடும்." ஆம்ப் வாங்கியதும் டாக் எங்கே என்பார்கள். இப்படியே போனால் ஹெட்போனைவிட அதைச் சுற்றியுள்ள பெட்டிகளுக்கு அதிகம் செலவாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கிற, படம் பார்க்கிற, கேம் ஆடுகிற பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டும் தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களிலும் பலருக்கு, இந்த இரண்டையும் உள்ளே வைத்திருக்கும், விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி டாங்கிள் போதும். மேஜையில் வைக்கும் பெரிய ஆம்ப் சில குறிப்பிட்ட ஹெட்போன்களுக்குத்தான் அவசியம். நீங்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் போதும், செலவு கிடையாது.

ஏற்கெனவே உள்ளே இருப்பது

கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது டாக் (DAC). அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் அளவுக்கு வலு கொடுப்பது ஆம்ப். ஹெட்போன் ஜாக் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலும் ரியல்டெக் போன்ற நிறுவனத்தின் ஒரே சிப்புக்குள் சேர்ந்தே இருக்கும். ஆகவே உள்ளே இருப்பது எந்த வகையில் போதவில்லை என்று தெரிந்தால்தான் வெளியே இன்னொன்று வாங்குவதில் அர்த்தம் உண்டு.

படி 1: உங்கள் ஹெட்போன் எந்த வகை?

புளூடூத் ஹெட்போனில் டாக்கும் ஆம்பும் அதன் கிண்ணத்துக்குள்ளேயே இருக்கின்றன. யூஎஸ்பி பிளக் உள்ள ஹெட்செட்டிலும் அப்படித்தான். கம்பியின் நடுவிலோ நுனியிலோ சின்னதாக ஒரு கட்டை இருக்கிறதே, அதுவே அதன் சவுண்டு கார்டு. இந்த இரண்டு வகைக்கும் வெளியே எதை வாங்கி வைத்தாலும் ஒலி அதன் வழியாகப் போகப் போவதில்லை. 3.5 மிமீ பிளக் உள்ள ஹெட்போன் வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மேலே ஒரு அடாப்டரைத் திருகி மாட்டினால் பெரிய 6.35 மிமீ பிளக்காகும் ரகமும் இதில் சேர்த்திதான்.

படி 2: குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

உண்மையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். "சவுண்டு இன்னும் நல்லா இருக்கணும்" என்பது குறை ஆகாது. எழுத முயன்றால் அநேகமாக நான்கில் ஒன்றில் வந்து நிற்கும்.

வால்யூமை முழுக்க வைத்தும் சத்தம் போதவில்லை என்றால் அது ஆம்ப் விஷயம். பாட்டு நின்ற பிறகும் பின்னால் உஸ்ஸென்றோ கொர்ரென்றோ கேட்கிறது என்றால், கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கும் டாக் உதவலாம். பேஸ் போதவில்லை, பெண் குரல் காதைக் குத்துகிறது, எல்லாம் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றால் அது ஹெட்போனின் குணம். எந்தப் பெட்டியும் அதைப் பெரிதாக மாற்றாது.

நான்காவது வகைக்காரர்களுக்குக் குறை என்று எதுவும் இருக்காது. எதையோ இழந்துகொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் மட்டும் இருக்கும். அவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் பாட்டுக் கேட்கப் போகலாம்.

மூன்றாவது குறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீண் செலவு அதிகம் நடப்பது அங்கேதான். ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் பேஸில் மட்டும் 5, 10 டெசிபெல் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டாக்குகளுக்கு இடையே, காது கேட்கும் எல்லைக்குள், ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே பெரிது. ஆகவே ஒலியின் தன்மை பிடிக்கவில்லை என்றால் முதலில் காது மெத்தையைப் பாருங்கள். தோல் உரிந்து, பஞ்சு அமுங்கிப் போன மெத்தை காதைச் சரியாக மூடாது; பேஸ் அந்த இடைவெளி வழியாகக் கசிந்துவிடும். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு அதன் காம்பே அந்த இடைவெளியை உண்டாக்கும். கிண்ணங்களை இரு கையாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். உடனே பேஸ் கூடினால் உங்களுக்கு வேண்டியது புது மெத்தை.

மெத்தை சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? பேஸ் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்க விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆட்டோஈக்யூ என்ற திறந்த திட்டம் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தயாராக ஈக்வலைசர் அமைப்புகளைத் தருகிறது. உங்கள் மாடலைத் தேடி எடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதில் ப்ரீஆம்ப் என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். சத்தம் குறைகிறதே என்று அதை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் ஒலி உச்சத்தில் உடையும். இந்த ஒரு வேலையில் கிடைக்கும் மாற்றம், பத்தாயிரம் ரூபாய் டாக்கில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரியது.

படி 3: காசில்லாமல் சரி செய்யக்கூடியவை

சத்தம் குறைவு என்று எழுதியவர்கள் முதலில் மென்பொருளைப் பாருங்கள். விண்டோஸில் முழு வால்யூம் வேறு, ஒவ்வொரு ஆப்பின் வால்யூம் வேறு. வால்யூம் மிக்ஸரைத் திறந்தால் பிரவுசர் மட்டும் 30ல் நிற்பது தெரியவரலாம். பழைய சவுண்டு அமைப்புகளுக்குள் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கால் பேசும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். ஏதோ ஒரு ஆப் பின்னால் கால் நடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தால் எல்லாமே மங்கிக் கேட்கும். "எதுவும் செய்யாதே" என்று மாற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு உண்டு. அதுவும் சத்தத்தைக் குறைக்கும். லினக்ஸ்காரர்கள் டெர்மினலில் ஆல்சாமிக்ஸரைத் திறந்து ஹெட்போன் பட்டை முழுக்க ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எந்தத் துளையில் சொருகியிருக்கிறீர்கள் என்பது. மேஜைக் கம்ப்யூட்டரில் முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கேபினெட்டுக்குள் ஓடி, கிராபிக்ஸ் கார்டையும் மற்ற ஒயர்களையும் உரசிக்கொண்டு மதர்போர்டின் மூலைக்குப் போகிறது. வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் அது பொறுக்கிக்கொள்ளும். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று கேட்கிறது, கேம் ஆரம்பித்ததும் ஊளையிடுகிறது என்றால் முக்கால்வாசி இந்த ஒயர்தான் காரணம். பின்பக்கத்துப் பச்சைத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் ஹெட்போனுக்கான வலுவான ஆம்ப் முன்பக்கத்துக்கு மட்டும் இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், இரண்டிலும் கேட்டுப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

லேப்டாப்பில் இரைச்சல் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் உடனே நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர் அல்லது எர்த். நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் சுவரில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே வந்திருக்காது. லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஒரு கூச்சம் தெரியும். டாக் வாங்குவதற்கு முன் சரியான எர்த் உள்ள பிளக்கில் மாட்டிப் பாருங்கள். வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுவது ஹெட்போன் இல்லாதவர்களுக்கும் நல்லதுதான்.

இரைச்சல் எந்தப் பாட்டில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். 1960களின் பதிவுகளில் டேப் இரைச்சல் பாட்டோடு சேர்ந்தே வரும். பாட்டை நிறுத்தினால் அதுவும் நிற்கும். நிறுத்திய பிறகும் தொடரும் இரைச்சல்தான் கம்ப்யூட்டருடையது. அப்புறம், மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, பின்புறம் திறந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சத்தம் போதவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மூடிய ஹெட்போன்.

படி 4: பெட்டியில் உள்ள இரண்டு எண்களைப் படியுங்கள்

இதுவரை சரியாகவில்லை, சத்தம் இன்னும் குறைவுதான் என்றால், ஹெட்போன் பெட்டியையோ தயாரிப்பாளரின் பக்கத்தையோ பாருங்கள். இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு, ஓம் கணக்கில் இருக்கும். சென்சிட்டிவிட்டி டெசிபெல்லில் இருக்கும். பலரும் ஓமை மட்டும் பார்த்து, "250 ஓமா, ஆம்ப் வேணும், 32 ஓமா, வேணாம்" என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்சிட்டிவிட்டியை இரண்டு விதமாக எழுதுவார்கள். சிலர் ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் என்பார்கள்; சிலர் ஒரு வோல்ட் கொடுத்தால் எத்தனை என்பார்கள். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கம்ப்யூட்டர் ஜாக் எத்தனை வோல்ட் தரும் என்பதுதான் நம் கேள்வி என்பதால், எல்லாவற்றையும் ஒரு வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்வோம். மில்லிவாட் கணக்கில் உள்ள எண்ணோடு, 16 ஓம் என்றால் 18 கூட்டுங்கள். 32 ஓமுக்கு 15. 80 ஓமுக்கு 11. 150 ஓமுக்கு 8. 250 ஓமுக்கு 6. 300 ஓமுக்கு 5. இடையில் உள்ள ஓமுக்குத் தோராயமாக இடைப்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று ரகத்தில் வந்தது. ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் என்றே அதற்குப் போட்டிருந்தார்கள். ஒரு வோல்ட்டுக்கு மாற்றினால் 111, 107, 102. அதாவது ஒரே லேப்டாப்பில் ஒரே வால்யூமில் 32 ஓம் ரகம் 250 ஓம் ரகத்தைவிட 9 டெசிபெல் கூடுதலாகக் கத்தும். "ஸ்டுடியோவில் 250 ஓம்தான் வைத்திருப்பார்கள்" என்று கேள்விப்பட்டு அதை வாங்கி, பிறகு அதற்காகவே ஆம்ப் தேடுகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டரில் மட்டும் கேட்கப் போகிறீர்கள் என்றால் குறைந்த ஓம் ரகத்தை வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

இனி எத்தனை டெசிபெல் போதும்? பாட்டு சராசரியாக 75, 80 டெசிபெல்லில் ஓடினாலே நல்ல சத்தம். பறை அடியும் சிம்பல் தட்டும் அதைவிட 20, 25 டெசிபெல் மேலே தாவலாம். ஆகவே உச்சத்தில் 110 டெசிபெல் வரை போக முடிந்தால் தாராளம். பல லேப்டாப்கள் முழு வால்யூமில் 1 வோல்ட்டை ஒட்டித் தருகின்றன. எனவே உங்கள் கணக்கில் 110ஓ அதற்கு மேலோ வந்தால் ஆம்ப் பேச்சை விட்டுவிடுங்கள். 105க்கும் 110க்கும் இடையே என்றால் பெரும்பாலும் போதும். 100 முதல் 105 வரை என்றால் மெல்லிய பதிவுகளில் வால்யூம் முழுக்கப் போயும் ஏங்க வைக்கும்; 2 வோல்ட் தரும் டாங்கிள் அங்கே நல்ல தீர்வு. 100க்குக் கீழே என்றால் மேஜை ஆம்பைப் பற்றி யோசிக்கலாம்.

சில உதாரணங்கள். ஆடியோ டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ்: 38 ஓம், 99 டெசிபெல், கூட்டினால் 113. எந்த லேப்டாப்பும் இதைப் பாட வைக்கும். சென்ஹைசர் எச்டி 650: 300 ஓம், நிறுவனமே ஒரு வோல்ட்டுக்கு 103 என்று போட்டிருக்கிறது. டிடி 990 ப்ரோ 250 ஓம்: 102. இந்த இரண்டும் எல்லைக்கோட்டில் நிற்பவை. ஹைஃபைமேன் எச்இ-6: 50 ஓம்தான், ஆனால் 83.5 டெசிபெல், கூட்டினால் 97க்கும் குறைவு. 110 டெசிபெல்லைத் தொட அதற்கு 4.7 வோல்ட், கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேண்டும். ஸ்பீக்கருக்கான ஆம்பில் இதை இணைத்துக் கேட்டவர்கள் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 50 ஓம் என்று அதன் பெட்டியில் படித்து ஏமாறக் கூடாது என்பதற்குத்தான் இதைச் சொன்னேன்.

அதே நிறுவனத்தின் எச்இ400எஸ்இ கொஞ்சம் சிக்கலான கதை. 25 ஓம், 91 டெசிபெல், கூட்டினால் 107. வோல்ட் கணக்கில் தேறிவிட்டது. ஆனால் ஓம் குறைவாக இருப்பதால் கரண்டை அதிகம் இழுக்கும்: 110 டெசிபெல்லுக்கு 56 மில்லிஆம்பியர். அதே சத்தத்துக்கு டிடி 990க்கு 10 மில்லிஆம்பியர் போதும். வலுக் குறைந்த லேப்டாப் சிப் அத்தனை கரண்டைத் தர முடியாமல் உச்சத்தில் ஒலியை நசுக்கலாம். இத்தகைய பிளேனார் (தட்டையான மெல்லிய சவ்வால் ஒலி எழுப்பும்) ஹெட்போன்களுக்கு வோல்ட் மட்டும் போதாது. 32 ஓமுக்கு எத்தனை மில்லிவாட் என்று டாங்கிளின் பெட்டியில் பார்க்க வேண்டும். 80, 100 மில்லிவாட் தந்தால் நிம்மதி.

மறுமுனையில் காதுக்குள் செருகும் இயர்போன்கள். மூன்டிராப் சூ போன்ற மலிவான ஒன்று ஒரு வோல்ட்டுக்கு 120 டெசிபெல் தருகிறது. 75 டெசிபெல்லில் கேட்க 6 மில்லிவோல்ட் கூட வேண்டாம். இதைப் பெரிய ஆம்பில் சொருகினால் வால்யூம் குமிழைத் தொட்டதும் அலறும், கூடவே ஆம்பின் இரைச்சலும் காதுக்குள் வரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2021ல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோவிலிருந்து ஆப்பிள் ஜாக்கையே மாற்றிவிட்டது. சொருகிய ஹெட்போனின் ஓமை அதுவே அளந்து, 150 ஓமுக்குக் கீழே என்றால் 1.25 வோல்ட் வரையும், அதற்கு மேலே என்றால் 3 வோல்ட் வரையும் தருகிறது. 2022ன் மேக்புக் ஏரிலும் இது உண்டு. டிடி 990 250 ஓம் ரகத்துக்கு 110 டெசிபெல்லுக்கு 2.5 வோல்ட் போதும். ஆக, அந்த லேப்டாப் உள்ளவர் அதற்காக ஆம்ப் வாங்கினால் இருப்பதையே இன்னொரு முறை வாங்குகிறார்.

படி 5: மல்டிமீட்டர் இருந்தால் அளந்தே பார்க்கலாம்

இது கட்டாயமில்லை. ஆனால் பிறர் சொல்வதை நம்புவதைவிட இது எளிது. கடைகளில் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டர் இதற்கு உதவாது. அதில் ஏசி வோல்ட் 200ல்தான் ஆரம்பிக்கிறது, 1 வோல்ட்டை ஒழுங்காகக் காட்டாது. ஏசியில் 2 வோல்ட் வரம்போ தானாக மாறும் வரம்போ உள்ள மீட்டர் வேண்டும்.

ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை உருவாக்கி, அளவை 1 என்று வையுங்கள். இரு பக்கமும் 3.5 மிமீ பிளக் உள்ள ஆக்ஸ் கேபிளைக் கம்ப்யூட்டரில் சொருகி, மறுமுனையின் நுனியிலும் அடிப்பகுதியிலும் மீட்டரின் முள்களை வைத்து, முழு வால்யூமில் படியுங்கள். ஈக்வலைசர், ஒலி மேம்பாடு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். வரும் எண்தான் உங்கள் ஜாக்கின் உண்மையான வோல்ட். 0.5 என்று வந்தால் முன்பு சொன்ன கணக்கில் 6 டெசிபெல் கழியுங்கள். 2 என்று வந்தால் 6 கூட்டுங்கள்.

இன்னொரு அளவையும் இதோடு எடுத்துவிடலாம்: ஜாக்கின் சொந்த இம்பீடன்ஸ். வால்யூமைக் குறைத்து, மீட்டரில் 0.3 வோல்ட் போல வரும்படி வையுங்கள். இப்போது அந்த நுனிக்கும் அடிக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் வோல்ட் கொஞ்சம் விழும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்குங்கள். 0.30 வோல்ட் 0.27க்கு இறங்கினால் விடை 3.7 ஓம். ஹெட்போனின் இம்பீடன்ஸ் இந்த எண்ணைவிட எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் விதி. 3.7 என்றால் 30 ஓமுக்கு மேல் உள்ள எதுவும் சரி. ஜாக்கின் எண் பெரிதாக இருந்தால் சில ஹெட்போன்களில் பேஸ் வீங்கும். ஒரே காதுக்குள் ஒலி எழுப்பும் டிரைவர்கள் பல உள்ள இயர்போன்களில் ஒலியின் சமநிலையே மாறிவிடும். பிளேனார்களுக்கு அந்தக் கவலை கிடையாது. அவற்றின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒன்றே. "டாக் மாற்றினேன், ஒலியே மாறிவிட்டது" என்று உண்மையாகவே கேட்டவர்கள் சிலருக்குக் காரணம் இந்த இம்பீடன்ஸ் வித்தியாசம்தான்.

படி 6: வாங்குவது என்று முடிவானால்

சிறியதிலிருந்து தொடங்குங்கள். ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கிறது. அதற்குள் ஒரு முழு டாக்கும் ஆம்பும் இருக்கின்றன. 1 வோல்ட் தருகிறது, சொந்த இம்பீடன்ஸ் 1 ஓமை ஒட்டித்தான். இரைச்சல் மட்டுமே உங்கள் குறை என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதுவே போதும். இரண்டு எச்சரிக்கை: ஐரோப்பாவில் விற்கும் ரகம் பாதி வோல்ட்தான் தரும், வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் இது மிகக் குறைந்த சத்தத்தில்தான் பாடும்.

இரைச்சலோடு சத்தக் குறைவும் இருக்கிறது, கணக்கில் 100க்கும் 105க்கும் இடையே வருகிறது என்றால் 2 வோல்ட்டுக்குக் குறையாத டாங்கிளைப் பாருங்கள். ஆன்லைன் வகுப்போ அலுவலகக் காலோ ஹெட்செட்டிலேயே பேசுகிறவர்கள் மைக் வேலை செய்யுமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பாட்டுக்கென்றே செய்த பல டாங்கிள்களில் மைக் இணைப்பு கிடையாது. சொருகினால் எதிரில் இருப்பவருக்கு லேப்டாப்பின் மைக்தான் கேட்கும். தனி மைக் வாங்கிப் பாடுகிற, பாட்காஸ்ட் செய்கிற எண்ணம் இருந்தால் ஆம்பை மறந்துவிட்டு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். மைக் ப்ரீஆம்ப், டாக், ஹெட்போன் ஆம்ப் மூன்றும் அதில் சேர்ந்தே வந்துவிடும்.

மேஜை ஆம்ப் 100க்குக் கீழே வரும் ஹெட்போன்களுக்கு. கூடவே, கையால் திருப்ப ஒரு நல்ல வால்யூம் குமிழ் வேண்டும் என்கிறவர்களுக்கும். அது நியாயமான ஆசைதான். ஒலி மாறும் என்று காரணம் மட்டும் சொல்ல வேண்டாம். வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப் தூசி படிந்து கிடந்தால் முதலில் அதன் ஹெட்போன் துளையில் கேட்டுப் பாருங்கள். அவற்றின் சொந்த இம்பீடன்ஸ் நூறு ஓமுக்கு மேல்கூட இருக்கும் என்பதால் குறைந்த ஓம் ஹெட்போன்களுக்கு ஏற்றதல்ல. 250, 300 ஓம் ரகங்களைச் சத்தமாகவே பாட வைக்கும்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2011ல் பெயர் வெளியிடாத பொறியாளர் ஒருவர் அப்ஜெக்டிவ் 2 என்ற ஹெட்போன் ஆம்பை வடிவமைத்து, சர்க்யூட்டையும் அளவீடுகளையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டார். மலிவான, எளிதில் கிடைக்கும் பாகங்களாலேயே காதுக்கு எட்டாத அளவு சுத்தமான ஆம்பைச் செய்ய முடியும் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அடுத்த ஆண்டே ஆள் காணாமல் போனார்; யாரென்று இன்றுவரை வெளியே வரவில்லை. அவர் காட்டிய வழியில் சிறிய நிறுவனங்கள் பல வந்துவிட்டன. ஆகவே விலை ஏற ஏற வலுவும் வசதியும் கூடலாம். சுத்தம் என்பது மலிவு விலையிலேயே கிடைத்துவிடுகிறது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் போன்றவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 1982ல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிட்டது. 4.4 மிமீ பேலன்ஸ்டு துளை, அதே பெட்டியில் வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கும் வழி. அந்த வோல்ட் உங்களுக்குத் தேவை என்றால் மட்டும் பார்க்கலாம். தங்க முலாம் கேபிள்களைப் பற்றி எழுத இடம் வீண்.

படி 7: வந்த பிறகு, திருப்பி அனுப்பும் காலத்துக்குள்

புதிய பெட்டி சற்றே கூடுதல் சத்தத்தில் பாடினாலும் நம் காது அதை "தெளிவு" என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதே 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மீட்டரில் இரண்டின் வோல்ட்டும் 2 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிச் சொருகச் சொல்லுங்கள். எது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், இரைச்சலும் சத்தக் குறைவும் உங்கள் குறையாக இல்லாதபட்சத்தில், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம்.

வலு கூடிய ஆம்ப் என்பதால் காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் பாதுகாப்பானது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஹெட்போனை மாட்டும் முன் குமிழைக் கீழே இறக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை மாற்றும் கெயின் சுவிட்ச் இருந்தால் அது குறைந்த பக்கமே இருக்கட்டும்.

கடைசியாக, மிகக் குறைந்த வால்யூமில் ஒரு குரல் மட்டும் உள்ள பாட்டைப் போட்டு, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள். மலிவான குமிழ்களில் ஆரம்பச் சுற்றில் ஒரு காதில் சத்தம் கூடியும் மறு காதில் குறைந்தும் வரும். விண்டோஸ் வால்யூமை 50க்குக் குறைத்து, குமிழை நடுப்பகுதிக்கு ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் குரல் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால், ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் ஆம்போ ஹெட்போனோதான் காரணம். அதே ஹெட்போனை லேப்டாப்பில் நேரடியாகச் சொருகிக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். ஆம்ப் என்றால் பில்லோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.